சூட்டைச் சுமக்கும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் வீட்டு கேமிங் கம்ப்யூட்டரைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் சூட்டையும் தண்ணீர் ஓட்டி வெளியேற்றும் பெட்டி அது. நானே கட்டினேன், ஏழாவது வருடமாக ஓடுகிறது. ஆலையில் பம்புகளையும் குளிர்விக்கும் குழாய்களையும் பராமரிப்பது என் தொழில். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், நல்ல லிக்விட் கூலர் மாட்டியும் சோதனை ஓட்டும்போது ப்ராசஸர் 95 டிகிரி காட்டுகிறது. அறையும் முன்போலவே கொதிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. ஆனால் தண்ணீரிடம் அதனால் முடியாத ஒன்றை எதிர்பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகிறது. சுமப்பதில் அது கெட்டிக்காரன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்குள் வாங்கிக்கொள்ளும் சூடு, ஒரு லிட்டர் காற்று வாங்குவதைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு. வாங்கிய சூட்டை, ஃபேன் காற்று புகுந்து போகும் தகடுகள் கொண்ட ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கிருந்து அது உங்கள் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். பெட்டி 500 வாட் இழுத்தால் அறைக்குள் 500 வாட் சூடு. நான்கு மணி நேரம் விளையாடினால், 1,000 வாட் ஹீட்டரை இரண்டு மணி நேரம் போட்டு வைத்ததற்குச் சமம். கூலர் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டரின் சூடான காற்று வெளியே போகும் திசையில் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

95 டிகிரி என்பது வேறு விஷயம். நீங்கள் எழுதியிருக்கும் ப்ராசஸர் 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசை. முழுப் பளுவில் 95 டிகிரி வரை போய், அங்கே நின்றுகொண்டு, கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஏற்ற வேகத்தில் ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கூலர் நன்றாக இருந்தால் அதே 95-ல் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும். அதனால் சோதனை நிரலில் வரும் எண்ணை வைத்துக் கூலரை எடைபோடாதீர்கள். ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் பாருங்கள். விளையாட்டில் ப்ராசஸருக்கு அந்த அளவு பளு வருவதில்லை. எண் நன்றாகவே இறங்கியிருக்கும்.

கேள்வி: முதல்முறையாகக் கட்டப் போகிறேன். ஃபேன் காற்றாலேயே குளிர்விக்கும் ஏர் கூலரா, பம்பும் தண்ணீரும் ரேடியேட்டரும் ஒன்றாக மூடி முத்திரையிட்டு வரும் ஏஐஓ-வா, உங்களைப்போல் பாகங்களை வாங்கித் தண்ணீர்ச் சுற்றை நாமே கட்டும் கஸ்டம் லூப்பா?

பதில்: ப்ராசஸருக்கு மட்டும் என்றால், இரட்டைக் கோபுர ஏர் கூலர் வாங்குங்கள். நடுத்தர ஏஐஓ-வுக்கும் அதற்கும் சில டிகிரிதான் வித்தியாசம். ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதையும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

தண்ணீரின் அருமை கிராபிக்ஸ் கார்டில்தான் தெரியும். ப்ராசஸர் சில்லுக்கு மேல் தடித்த உலோக மூடி இருக்கிறது, சூடு அதைக் கடந்து வர வேண்டும். கிராபிக்ஸ் சில்லுக்கு அந்த மூடி கிடையாது; உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டியான வாட்டர் பிளாக்கின் செம்பு நேராக அதன்மேல் உட்காரும். இன்றைய பெரிய கார்டுகள் இழுக்கும் மின்சாரத்தையும் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 2025-ல் வந்த 5090-க்கு 575 வாட். என் கார்டு அவ்வளவு பெரியதல்ல, 350 வாட்தான். அதிலேயே தண்ணீருக்கு மாற்றியபின் 20 டிகிரி குறைந்தது. அதைவிட, கார்டின் மூன்று ஃபேன்களும் போட்ட இரைச்சல் ஒரேயடியாக நின்றுபோனது. இரவு விளையாடும்போது பக்கத்து அறையில் குழந்தை புரண்டு படுப்பது கேட்கிறது. நான் கஸ்டம் லூப் கட்டியது இதற்காகத்தான், அந்த நிம்மதி இன்றுவரை குறையவில்லை.

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதன் பராமரிப்புக்கென ஒதுக்க முடியாது என்று நினைப்பவர் கஸ்டம் லூப் கட்ட வேண்டாம். இதை மனதாரச் சொல்கிறேன்.

கேள்வி: ஏசி அறையில் ட்யூப் மேல் நீர் முத்து கோத்து மதர்போர்டில் சொட்டுமா?

பதில்: சொட்டாது. ரேடியேட்டர் வழியாகப் போகும் அறைக்காற்றைவிடத் தண்ணீர் ஒருபோதும் குளிராது. அறையைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் முத்து கோக்கும். சில்லர் வைத்துத் தண்ணீரையே குளிரவைப்பவர்களுக்குத்தான் அந்தக் கவலை.

கேள்வி: பம்பிலிருந்து தண்ணீர் முதலில் ப்ராசஸருக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா? நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டும் என்கிறார்கள்.

பதில்: நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது, மொத்தச் சூடு 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் தண்ணீர் ஏறுவது இரண்டு டிகிரிகூட இல்லை. ஆகவே எந்த வரிசையில் ட்யூப் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் வருகிறதோ, அந்த வரிசையே போதும். மாறக்கூடாதது ஒன்றே ஒன்று: தண்ணீர் ஊற்றி வைக்கும் தொட்டியான ரிசர்வாயரிலிருந்து அது தன் எடையாலேயே பம்புக்குள் இறங்க வேண்டும். இந்தப் பம்புகளின் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடும் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் போய்விடும்.

கேள்வி: அண்ணா, ஏஐஓ மாட்டியிருக்கிறேன். சும்மா ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே ஃபேன்கள் உறுமி, இரண்டு நொடியில் அடங்குகின்றன. நாள் முழுக்க இப்படித்தான். எரிச்சலாக இருக்கிறது. ஃபேன் மோசமா?

பதில்: ஃபேன்மேல் குற்றமில்லை, தம்பி. அதற்கு யார் சொல்லி எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். மதர்போர்டில் வரும் வழக்கமான ஏற்பாட்டில் ஃபேன் வேகம் ப்ராசஸரின் சூட்டோடு கட்டப்பட்டிருக்கும். ப்ராசஸரோ ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரே நொடியில் 20 டிகிரி துள்ளி, மறு நொடியில் இறங்கும். ஆனால் ஃபேன் குளிர்விப்பது ப்ராசஸரை இல்லை, ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீரை. தண்ணீருக்கு அந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. என் லூப்பில் ஒரு லிட்டர் இருக்கிறது; ரேடியேட்டர் எதையும் இறக்காவிட்டால்கூட, 400 வாட் போட்டால் ஒரு டிகிரி ஏறப் பத்து நொடிக்கு மேல் ஆகும். உங்கள் ஏஐஓ-வில் தண்ணீர் இதைவிடக் குறைவுதான். இருந்தாலும் இரண்டு நொடித் துள்ளலுக்கு அது அசையாது. ஆக, ஃபேன் உறுமும்போதெல்லாம் குளிர்விக்க ஒன்றும் இல்லாமலேயே உறுமுகிறது.

ஃபேனைத் தண்ணீரின் சூட்டோடு கட்டுங்கள். சில ஏஐஓ-க்களில் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சர் உள்ளேயே இருக்கிறது; அதன் மென்பொருளில், எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் ஃபேன் வளைகோட்டைப் போடும் இடத்தில் ‘ப்ராசஸர்’ என்பதை மாற்றி ‘திரவம்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கஸ்டம் லூப் வைத்திருப்பவர்கள் 10 கிலோ ஓம் சென்சர் ஒன்றை லூப்பில் திருகி, மதர்போர்டில் அதற்கென இருக்கும் இரண்டு ஊசியில் மாட்டலாம். என்னுடையதில் தண்ணீர் 32 டிகிரி வரை ஃபேன்கள் நிமிடத்துக்கு 500 சுற்றில் நிற்கும். 40-ல் 900 சுற்று. 45-ஐத் தாண்டினால் மட்டும் முழு வேகம். இந்த ஆறு வருடத்தில் முழு வேகத்தை நான் கேட்டது இரண்டு தடவை, இரண்டும் ரேடியேட்டரில் தூசி அடைத்த நாள்.

சென்சர் இல்லாத ஏஐஓ என்றால் பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், ஃபேன் வேகம் ஏற எடுக்கும் ‘ஸ்டெப் அப்’ நேரத்தைக் கூட்டி வையுங்கள். துள்ளலைக் கண்டதும் ஃபேன் ஓடாது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்.

கேள்வி: ஐந்து வருடமான ஏஐஓ. சில நாளாகப் பெட்டியைப் போட்டதும் களகளவென்று சத்தம், சூடும் ஏறிவிட்டது. பிரித்துத் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: களகளவென்பது காற்று. மூடி முத்திரையிட்டிருந்தாலும் ரப்பர் ட்யூபின் சுவர் வழியாகத் தண்ணீர் அணு அணுவாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து வருடத்தில் போனது போக, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. காற்று எப்போதும் மேட்டைத் தேடும். உங்கள் லூப்பின் மிக உயர்ந்த இடம் எது என்று பாருங்கள். ரேடியேட்டர் பெட்டியின் கூரையில் இருந்தால் காற்று அங்கே போய்த் தங்கும், தொந்தரவு குறைவு. முன்பக்கத்தில் நிறுத்தியிருந்தால் ட்யூப் வரும் முனை கீழே இருக்க வேண்டும், ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் படுக்க வைத்திருந்தால் பம்பே உயர்ந்த இடம். காற்றெல்லாம் அதற்குள் போய் உட்காரும். உங்கள் படத்தில் ரேடியேட்டர் அடியில்தான் இருக்கிறது. மேலே மாற்றுங்கள். சத்தம் இதிலேயே அடங்க வாய்ப்புண்டு.

அடுத்து, விளையாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு ட்யூபையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் ஓட்டம் இருக்கிறது. ஒன்று சுடுகிறது, ஒன்று சில்லென்று இருக்கிறது என்றால் ஓட்டம் சோர்ந்துவிட்டது: பம்ப் களைத்திருக்கலாம், அல்லது பிளாக்கின் இடுக்குகளில் படிவு அடைத்திருக்கலாம். பம்பின் வயரை ஃபேன் முனையில் மாட்டி, வேகம் பாதியாகக் குறைந்து கிடக்கிறதா என்றும் பயாஸில் பாருங்கள். பலபேர் வீட்டில் கோளாறு இதுவாகத்தான் இருந்தது.

பிரித்து ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றத் திருகு வைத்துத் தயாரித்த சில ஏஐஓ-க்கள் உண்டு. உங்களுடையது அப்படி இல்லை. ஐந்து வருடம் உழைத்துவிட்டது. ஓட்டம் சோர்ந்திருந்தால் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினாறு வயது. விடுமுறையில் சேர்த்த பணத்தில் இந்தத் தண்ணீர்க் கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்கிறான். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டியில் என்றாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அனுமதிக்கலாமா?

பதில்: அனுமதியுங்கள் அம்மா. தண்ணீர் ஓடும் பகுதியில் இருப்பது 12 வோல்ட்தான். மெயின் மின்சாரம் பவர் சப்ளை என்ற மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது. அந்த டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குத் திரவம் புதிதும் அல்ல. 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகள் மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள் முழுக்க மூழ்கியே வேலை செய்தன. 2004-ல் ஆப்பிள் விற்ற பவர் மேக் ஜி5 ஒன்றும் திரவத்தால் குளிர்ந்ததுதான்.

கசிந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை, பொருளுக்குத்தான். அதைப் பற்றி உங்கள் மகனுக்கு நானே சொல்கிறேன். இந்தப் பகுதியை அவனிடம் கொடுங்கள்.

தம்பி, என் முதல் லூப்பைக் கட்டி முடித்தபோது இரவு பதினொன்று. தண்ணீர் ஊற்றினேன், கசிவு பார்க்காமலேயே பெட்டியைப் போட்டேன். மூன்று மணி நேரம் அருமையாக ஓடியது. பிறகு திரை கறுத்தது. கார்டின் முதுகில் ஒரு சொட்டு, அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு கறை. ஆலையில் பெரிய குழாய்களின் ஃபிளேஞ்ச் இணைப்பை முடுக்கிப் பழகிய கை, ட்யூபைப் பிடிக்கும் அந்தச் சின்ன ஃபிட்டிங்கையும் ஸ்பேனர் போட்டு முடுக்கியிருக்கிறது. உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு பிதுங்கிவிட்டது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி ஐந்து நாள் காயவைத்துப் பார்த்தேன், கார்டு பிழைக்கவில்லை. சுத்தமான தண்ணீர் மின்சாரம் கடத்தாதே என்று நீ படித்திருப்பாய். உண்மைதான், புட்டியில் இருக்கும்வரை. லூப்பின் உலோகத்தையும் பலகையின் தூசியையும் தொட்ட நிமிடமே அது கடத்த ஆரம்பித்துவிடும்.

ஃபிட்டிங்கை விரலால் முடுக்கு, அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். பிறகு காற்றுச் சோதனை: அளவுமானி பொருத்திய கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா பார். நின்றால் தண்ணீர் ஊற்று. பவர் சப்ளையின் எல்லா வயரையும் மதர்போர்டு, கார்டு இரண்டிலிருந்தும் கழற்றிவிட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடு. பவர் சப்ளையைத் தனியே எழுப்ப 24 ஊசி முனையில் மாட்டும் ஜம்பர் ப்ளக் கிடைக்கிறது, அதையே வாங்கு. பச்சை வயரையும் கறுப்பையும் இணைக்கச் சொல்வார்கள், ஆனால் இப்போதெல்லாம் வயர் அத்தனையும் கறுப்பாகவே வருகிறது. ரிசர்வாயரில் மட்டம் இறங்க இறங்க நிறுத்தி நிறுத்தி ஊற்று, பம்ப் காற்றைக் குடிக்க விடாதே. பெட்டியை நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால் குமிழிகள் வெளியேறும். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ காகிதம் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிடு. காகிதம் காய்ந்தே இருந்தால்தான் மற்ற வயர்கள். பதறாத காரியம் சிதறாது.

கேள்வி: லூப்பில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? கடையில் விற்கும் குளிர்விக்கும் திரவத்தில் வெள்ளை நிறக் கூலன்ட் பார்க்க அழகாக இருக்கிறதே?

பதில்: குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு, பிளாக்கின் இடுக்குகளில் படியும். அந்த இடுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. காய்ச்சி வடித்த நீரில் துருத்தடுப்பும் பாசித்தடுப்பும் கலந்த நிறமற்ற கூலன்ட் போதும்.

வெள்ளை நிறத்தை நானும் ஆசைப்பட்டு ஊற்றினேன். அந்தப் பால் நிறம் வருவது நீரில் மிதக்கும் நுண்துகளால். எட்டாவது மாதம் பிளாக்கைப் பிரித்தபோது இடுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க ஒரு முழு நாள் போயிற்று. நிறம் வேண்டுமென்றால் நிறமுள்ள ட்யூப் வாங்குங்கள். எனக்குக் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ட்யூபே பிடிக்கும். தெளிவான மெது ட்யூபிலிருந்து பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள் கசிந்து தண்ணீரில் கலந்து, அதுவும் போய் இடுக்கில்தான் படியும். ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை.

இதைவிட முக்கியம் உலோகம். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அவற்றோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாட்டரிக்குள் நடப்பதே அங்கும் நடக்கும், அலுமினியம் அரித்துப்போகும். ஏஐஓ-க்களில் இரண்டும் சேர்ந்திருப்பது உண்டு. அங்கே ஆலையிலேயே தடுப்பு மருந்தை அளந்து ஊற்றி மூடிவிடுகிறார்கள். நாம் திறந்து மூடும் லூப்பில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. புது ரேடியேட்டரையும் அப்படியே மாட்டாதீர்கள். சூடான வடிநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். பற்றவைத்தபோது மிஞ்சிய பழுப்புத் துகள் வரும். எனக்கு ஆறாவது தடவைதான் தெளிந்தது.

கேள்வி: கோடையில் சூட்டைக் குறைக்க இன்னொரு ரேடியேட்டர் வாங்கலாமா?

பதில்: முதலில் கார்டின் மின் வரம்பைக் குறைத்துப் பாருங்கள், செலவே இல்லை. என் 350 வாட் கார்டை 260-க்கு இறக்கினேன். நான் விளையாடும் விளையாட்டில் நொடிக்கு 118 ஃபிரேம் 111 ஆனது, கண்ணுக்குத் தெரியவில்லை. பிறக்காத சூட்டைச் சுமக்க ரேடியேட்டர் எதற்கு?

கேள்வி: லூப் கட்டி ஒரு வருடம் ஆகிவிட்டது. தண்ணீரை எப்படி இறக்குவது? வடிகால் வைக்கவில்லை.

பதில்: இந்தக் கேள்வியைக் கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். இனிமேல் கட்டப் போகிறவர்களாவது கேளுங்கள்: லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் டி வடிவ ஃபிட்டிங் ஒன்று, அதில் சின்ன பால் வால்வு, அதன் வாயில் ஒரு மூடி. ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு வருடமும் அரை நாளை மிச்சப்படுத்தும்.

உங்களுக்கு இப்போது உள்ள வழி இது. பெட்டியை அணைத்து, பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ரிசர்வாயரின் மேல்மூடியைத் திறந்து, நீள ட்யூப் பொருத்திய சிரிஞ்சால் உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சுங்கள். கார்டின் மேலும் மதர்போர்டின் மேலும் தடித்த துண்டு போடுங்கள். தாழ்வாக இருக்கும் ட்யூபைத் தேர்ந்தெடுத்து, அடியில் கிண்ணம் வைத்து, ஃபிட்டிங்கைக் கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். மேல்மூடி மூடியிருந்தால் தண்ணீர் இறங்காது. திறந்தால் சடாரென்று இறங்கும். ஆகவே கட்டைவிரலை அந்த வாயில் வைத்து, விட்டு விட்டுக் காற்றை உள்ளே அனுப்புங்கள், ஓட்டம் உங்கள் கையில் இருக்கும். வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பிளாக்கைப் பிரிக்காமல் புதுக் கூலன்ட் ஊற்றிவிடலாம், கலங்கலாக இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஓட்டம் நின்ற பிறகும் கார்டின் பிளாக்குக்குள் கொஞ்சம் தேங்கி நிற்கும். பெட்டியைப் பின்பக்கமாகச் சாய்த்து ஒரு நிமிடம் பிடித்தால் அதுவும் வரும். ஆள் ஒருவர் துணைக்கு இருக்கட்டும், கனக்கும். புதுத் தண்ணீர் ஊற்றும்போது அந்த வால்வை மறக்காமல் வைத்துவிடுங்கள்.